பல்குச்சியும் ஒரு சொட்டு நீலச் சாயமும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாசியுங்கள். பொம்பளை விஷயம் என்று ஆண் பிள்ளைகள் பாதியில் விட்டுவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு ராத்திரி, என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அவளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். பேர் எதுவும் சொல்லமாட்டேன். அவளுடைய அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் எடுத்த பரிசோதனை. படத்துக்குக் கீழே ஒரே ஒரு கேள்வி:

"டீச்சர், இதுல நியூக்ளியஸ் பெருசா இருக்குன்னு போட்டிருக்கு. நீங்க ஆறாங்கிளாஸ்ல படம் போட்டுக் காட்டுனீங்களே, அந்த நியூக்ளியஸா?"

"ஆமா பிள்ளே, அதே நியூக்ளியஸ்தான்" என்று பதில் போட்டேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். இதே வார்த்தை இருந்த ஒரு காகிதத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவை கையில் வாங்கியிருக்கிறேன். அதைப் பற்றி இத்தனை வருஷமாக வீட்டில்கூட வாய் திறந்து பேசியதில்லை. இன்றைக்குப் பேசுகிறேன்.

முதலில் பாடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 36 வருஷப் பழக்கம், விடமாட்டேன் என்கிறது.

உங்களில் நிறையப் பேருக்கு அந்த வகுப்பு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் மொத்தமே ஒரு நுண்ணோக்கிதான். ஒரு பல்குச்சியின் மழுங்கின முனையால் கன்னத்தின் உள்பக்கத்தை மெதுவாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, மெத்திலின் நீலம் ஒரு சொட்டு விட்டு, வரிசையாக நின்று பார்ப்பீர்கள். "டீச்சர், ஒண்ணுமே தெரியல" என்று முதலில் ஒரு சத்தம். அப்புறம் "ஐ, அப்பளம் மாதிரி இருக்கு" என்று ஒரு சத்தம். வெளிறின நீலத்தில் தட்டையான அப்பளம், அதன் நடுவில் கருநீலத்தில் ஒரு புள்ளி. அந்த அப்பளம்தான் செல். புள்ளிதான் நியூக்ளியஸ், பழைய புத்தகத்தில் உட்கரு. உங்கள் வாயிலிருந்து எடுத்த உங்கள் செல் அது.

1665-ல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்து, தெரிந்த சின்னச் சின்ன அறைகளுக்கு செல் என்று பேர் வைத்தார். 1831-ல் ராபர்ட் பிரவுன் அதற்குள் இருந்த புள்ளிக்கு நியூக்ளியஸ் என்று பேர் வைத்தார். இந்த இரண்டு பேரையும் பரீட்சைக்கு நெட்டுருப் போட வைத்தேன். மூன்றாவது ஒருவரைச் சொல்லித்தராமல் விட்டுவிட்டேன். ஜெர்மனிக்காரர், டாக்டர் ருடால்ஃப் விர்ச்சோ. நோய் என்பது உடம்பு முழுக்கப் பரவி நிற்கிற ஏதோ ஒரு கோளாறு, சூடு, பித்தம், கெட்ட ரத்தம் என்று உலகம் பூராவும் நினைத்திருந்த காலத்தில், 1858-ல் அவர் ஒரு புத்தகம் போட்டார். நோய் ஏதோ ஒரு செல்லில்தான் ஆரம்பிக்கிறது, ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல்லிலிருந்துதான் பிறக்கிறது என்று அதில் எழுதினார். இந்த ஒரு விஷயத்தை நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால் பாகம் குறிக்கிற படத்துக்கும் உங்கள் வீட்டு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுக்கும் உள்ள சம்பந்தம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இப்போது சொல்கிறேன். ஒரு மனுஷ உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனித்தனி வேலைக்குத் தனித்தனிப் பாகம். எந்தப் பாகம் கெடுகிறதோ அதற்குத் தகுந்த நோய்.

வெளியே இருப்பது செல் சவ்வு. நம் வலை மாதிரி, எதை விடவேண்டும் எதைத் தடுக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்து நடக்கிற சவ்வு. காலராக் கிருமி குடலில் விடுகிற நச்சு இந்தச் சவ்வின் கதவைத் திறந்தபடியே பிடித்து வைத்துவிடும். உப்பு வெளியே ஓடும், அதன் பின்னாலேயே தண்ணீரும் ஓடும், ஆள் ஒரே நாளில் வற்றிப்போவார். அந்த நச்சுதான் காரணம் என்று 1959-ல் காட்டியவர் கல்கத்தாவின் டாக்டர் சம்புநாத் டே. அதே சவ்வில் இன்னொரு கதவு உண்டு. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், தண்ணீரும் கூடவே உள்ளே போகும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது அந்தக் கதவை நம்பித்தான். வயிற்றுப்போக்கு என்றால் நீங்கள் வாங்குகிற அந்தப் பொட்டலம், செல் சவ்வுப் பாடம்தான்.

மைட்டோகாண்ட்ரியா, செல்லின் இன்ஜின். வள்ளத்தில் இன்ஜின் நின்றால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் கரை சேர முடியுமா? அதே கதைதான். அதிகச் சக்தி தேவைப்படுகிற கண் நரம்பும் மூளையும் தசையும்தான் முதலில் அடிபடும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்று தனியாக உள்ள மரபுப் பொருள் தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும் என்பது கூடுதல் தகவல்.

ரத்தச் சிவப்பணு வளர்ந்த பிறகு நியூக்ளியஸையே வெளியே தள்ளிவிட்டு, உள்ளே முழுக்க ஹீமோகுளோபினை நிரப்பிக்கொள்ளும். அந்த ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் வட்டமான அணு அரிவாள் மாதிரி வளைந்து, சின்னக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். இந்தியாவில் இது இருப்பது 1952-ல் நம் நீலகிரி மலைவாழ் மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோதுதான் தெரிய வந்தது.

இப்படிப் பாகம் பாகமாகச் சொல்லிக்கொண்டே போகலாம். நான் இன்றைக்குப் பேச வந்தது நடுவில் இருக்கிற அந்தப் புள்ளியைப் பற்றி.

நியூக்ளியஸுக்குள் சுருட்டி வைத்திருக்கிற டிஎன்ஏவை நீட்டினால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரும். எப்போது பிரியவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும், பழுதானால் எப்போது சாகவேண்டும் என்ற கட்டளையெல்லாம் அதில்தான் இருக்கிறது. நம் கன்னத்தின் உள்தோலில் அடியில் இருக்கிற செல்கள் பிரிந்து பிரிந்து மேலே வரும். மேலே வர வரத் தட்டையாகும், நியூக்ளியஸ் சுருங்கும், கடைசியில் உதிர்ந்துவிடும். அதனால்தான் பல்குச்சியால் சுரண்டினாலே வந்துவிடுகிறது. பெரிய அப்பளத்தில் ஒரு மிளகு, அவ்வளவுதான் மேல்வரிசைச் செல்லின் நியூக்ளியஸ். கட்டளை கெட்டுப்போன செல் எப்படி இருக்கும் தெரியுமா? அப்பளம் சுருங்கிவிடும், மிளகு நெல்லிக்காய் அளவுக்குப் பெருத்துவிடும். நிறம் கறுக்கும், ஓரம் கோணலாகும். நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லாமல் பிரிந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கர்ப்பப்பை வாயின் மேல்தோலும் கன்னத்தின் உள்தோலும் ஒரே வகைச் செல்தான் என்பதை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. தட்டை எபிதீலியம் என்று புத்தகத்தில் வரும். அதாவது ஆறாம் வகுப்பில் நீங்கள் பல்குச்சியால் செய்த அதே சோதனையைத்தான் ஆஸ்பத்திரியில் சின்ன மரக்குச்சியாலோ பிரஷ்ஷாலோ கர்ப்பப்பை வாயில் செய்கிறார்கள். பாப் சோதனை என்று பேர். கிரேக்க நாட்டிலிருந்து அமெரிக்கா போன டாக்டர் ஜார்ஜ் பாப்பனிக்கோலாவ் கண்டுபிடித்தது. அவருடைய மனைவி மேரி பல வருஷம் தன் உடம்பிலிருந்தே அவருக்கு மாதிரி கொடுத்துக்கொண்டிருந்தார். 1943-ல் அந்தச் சோதனை புத்தகமாக வெளிவந்து உலகத்துக்குத் தெரிந்தது. ஒரு பெண் வெட்கப்படாமல் இருந்ததால் வந்த சோதனை என்றுதான் நான் அதை நினைத்துக்கொள்வேன்.

இனி என் அக்கா கதை.

என் பெரியக்காவை ஊரில் வயதானவர்களுக்குத் தெரியும். கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சாத்தான்குளம், உடன்குடி என்று சந்தை சந்தையாகப் போய் விற்று, என் ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் கட்டினவள். நான் பட்டயம் வாங்கினது அவள் உழைப்பில். நான் வகுப்பில் நின்று செல்லைப் பற்றிப் பேசிய ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கடன்பட்ட நாள்தான்.

1997-ல் அவளுக்கு 51 வயது. மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திரும்பவும் ரத்தம் பட ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. துணியை இருட்டினதுக்கு அப்புறம் அலசி, வீட்டுக்குப் பின்னால் ஓலைக்கு அடியில் காயப்போட்டாள். உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தாள், இளநீர் குடித்தாள். தினமும் ஒரு நேரமாவது அவள் வீட்டுக்குப் போகிற எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், அவள் மெலிந்துபோனது தெரிந்தது. கேட்கத்தான் எனக்கும் கூச்சம். எட்டு மாதம் போய்விட்டது.

இடுப்பு வலி தாங்காமல் ஒரு நாள் அவளே சொன்னாள். திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சதை எடுத்துப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டை என் கையில்தான் கொடுத்தார்கள், படித்தவள் என்று. ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று வாசித்தேன். தட்டை எபிதீலியம். பெருத்த, ஒழுங்கில்லாத நியூக்ளியஸ். அடித்தோலைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. ஒரு வார்த்தைகூட எனக்குப் புதுசில்லை. எல்லாவற்றையும் கரும்பலகையில் நான் எழுதியிருக்கிறேன். எழுத்தெல்லாம் தெரிந்தது, அது என் அக்காவைப் பற்றியது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

கரண்ட் வைத்தார்கள், நம் ஊர்ப் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சையை அப்படித்தான் சொல்வோம். 1998 நவம்பரில் அக்கா போய்விட்டாள்.

போவதற்கு ஒரு வாரம் முன்னால் தலைமாட்டில் உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டாள். "ஏட்டி, பிள்ளைகளுக்கு எல்லாம் இதைச் சொல்லிக்குடுக்கியே, எனக்கு ஒண்ணும் சொல்லலையே?"

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

அதைவிட மோசம், பிறகு நடந்தது. துட்டி கேட்க வந்த இடத்திலேயே இரண்டு மூன்று பேர், "இந்தச் சீக்கு எப்படி வரும்?" என்று குசுகுசுத்தார்கள். அவள் நடத்தையையும், வள்ளத்துக்குப் போகிற அத்தான் நடத்தையையும் பற்றிப் பேசினார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்பிவி என்கிற ஒரு வைரஸ். அதைக் காட்டிய ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசெனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உடலுறவு வழியாகப் பரவுகிறது என்பது உண்மை. ஆனால் உலகத்தில் கல்யாணம் முடித்து வாழ்கிற பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்க்கையில் ஏதாவது ஒரு சமயம் இந்த வைரஸ் வந்து போகும். ஒரே ஒரு துணையோடு வாழ்ந்தவர்களுக்கும் வரும். வந்தது யாருக்கும் தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். சிலருக்கு மட்டும் போகாமல் அடிவரிசைச் செல்லுக்குள் தங்கிவிடும். யாருக்குத் தங்கும் என்பதற்கும் நல்லவர் கெட்டவர் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சளி பிடித்தவரிடம் யாரும் நடத்தைச் சான்றிதழ் கேட்பதில்லையே.

தங்கின வைரஸ் என்ன செய்கிறது? நம் செல்லின் நியூக்ளியஸில் இரண்டு காவல்காரப் புரதங்கள் உண்டு. ஒன்று பி53. டிஎன்ஏவில் பழுது இருந்தால் "நில், சரிசெய், முடியாவிட்டால் செத்துப்போ" என்று செல்லுக்குச் சொல்கிற புரதம். இன்னொன்று ஆர்பி, பிரிவதற்கு பிரேக் போடுகிறது. வைரஸ் தான் தயாரிக்கிற இரண்டு புரதங்களால் இந்த இரண்டையும் செயலிழக்க வைத்துவிடும். காவல் போய்விட்டதால் பழுதான செல் பழுதோடு பெருகும். நியூக்ளியஸ் பெருக்கிறது என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இந்தக் கட்டத்தைத்தான்.

இதில் எல்லாரும் மனதில் போட்டுக்கொள்ளவேண்டிய ஒன்று உண்டு. இந்தக் கட்டம் புற்றுநோய் இல்லை. மேல்தோலுக்கு அடியில் மெல்லிசாக ஒரு வேலி இருக்கிறது. கெட்ட செல்கள் அந்த வேலிக்கு மேலேயே இருக்கும்வரை சுலபமாக நீக்கிவிடலாம். வேலியைத் தாண்டி இறங்கினால்தான் புற்று. வைரஸ் வந்து தங்குவதிலிருந்து அந்த வேலியைத் தாண்டுவது வரை, சாதாரண உடம்புள்ள பெண்ணுக்கு 15 முதல் 20 வருஷம் ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் கடற்கரையில் கடல் அரிப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரே ராத்திரியில் வீடு போகாது. வருஷா வருஷம் தண்ணீர் ஒரு முழம் உள்ளே வரும், பார்க்கிறவன் முன்னாடியே பார்த்துவிடலாம். என் அக்காவின் உடம்பும் 15 வருஷம் தவணை கொடுத்திருக்கிறது. அந்தத் தவணையை அவளுடைய கூச்சமும் என்னுடைய கூச்சமும் சேர்ந்து தின்றுவிட்டன.

இதைப் பார்க்கப் பெரிய மெஷின் வேண்டும் என்று நினைக்காதீர்கள். நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியைச் சொல்கிறேன். 2000-ல் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் ஆரம்பித்தது. அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து நடத்தியது. 30 முதல் 59 வயதுப் பெண்கள். பயிற்சி கொடுத்த நர்ஸுகளே பரிசோதித்தார்கள். என்ன கருவி தெரியுமா? நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர். பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்ப்பது. நல்ல செல்லில் நியூக்ளியஸ் சின்னது, அதனால் இளஞ்சிவப்பாகவே தெரியும். கெட்ட செல்லில் நியூக்ளியஸ் பெரியது, புரதம் அதிகம். முட்டை வெள்ளைக்கரு சூட்டில் உறைந்து வெளுப்பது மாதிரி, அமிலம் பட்டதும் அந்தப் புரதம் உறைந்து அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். நியூக்ளியஸின் அளவை நுண்ணோக்கி இல்லாமல் கண்ணுக்குக் காட்டுகிற தந்திரம் இது.

சந்தேகம் உள்ளவர்களுக்கு உறுதிசெய்துவிட்டு, அங்கேயே அந்த இடத்தை உறையவைத்து அழித்தார்கள். செல்லுக்குள் இருக்கிற தண்ணீர் பனிக்கட்டி ஆனால் சவ்வு கிழிந்து செல் செத்துவிடும், அவ்வளவுதான். சோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் 49,311 பெண்கள், அவர்களில் 31,343 பேர் வந்தார்கள். ஒரே ஒரு தடவைதான் சோதனை. சோதனை இல்லாத பகுதிகளோடு ஒப்பிட்டால் நோய் 25 சதவீதம் குறைந்தது, சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதே 2007-ல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் நம் அரசு இந்தச் சோதனையை ஆரம்பித்து, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது.

அடையாறு நிலையத்தை 1954-ல் ஆரம்பித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்தத் துக்கத்திலிருந்து ஒரு ஆஸ்பத்திரியே எழுந்தது. அந்தப் பெரியவரோடு என்னை ஒப்பிடமாட்டேன். என் துக்கத்திலிருந்து ஒரு பதிவாவது வரட்டும்.

நான் சோதனைக்குப் போனது 2013-ல், 53 வயதில். அக்கா போய் 15 வருஷம் கழித்துத்தான் அந்தத் தைரியம் வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ளே போனால், அங்கே நிற்கிற நர்ஸ் என் மாணவி. எனக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு, "டீச்சர், நீங்க எங்க வாய்ல பல்குச்சி விட்டீங்க, இன்னைக்கு எங்க முறை" என்றாள். சிரித்துவிட்டேன். அப்புறம் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வலி என்று சொல்ல ஒன்றுமில்லை, கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்கவேண்டிய இடம் உள்ளே போய்விடும், வினிகர் மட்டும் போதாது என்று சொல்லி, பாப் சோதனைக்கும் எடுத்தாள். நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டுக்கு வந்து அக்கா படத்துக்கு முன்னால் அந்தக் காகிதத்தை வைத்தேன்.

இப்போது அந்த மாணவியின் அம்மாவிடம் வருகிறேன். ரிப்போர்ட் வந்த மறுநாள் அவள் போன் பண்ணினாள். "அம்மா திரும்பப் போகமாட்டேன்னு சொல்லுதாங்க டீச்சர். ஊர்ல தெரிஞ்சா என்ன பேசுவாங்கன்னு." அவளுடைய அம்மா என் வயசுக்கு இளையவள், என்னை யக்கா என்று கூப்பிடுகிறவள். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். மேலே எழுதியதை எல்லாம் அவளிடம் சொல்லவில்லை. என் அக்கா கேட்ட கேள்வியை மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம், "நீங்க கூட வருவீங்களா யக்கா?" என்றாள். போனேன். கெட்ட செல்கள் வேலியைத் தாண்டவில்லை. அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நன்றாக இருக்கிறாள். சொன்ன தேதிக்கு மறுபடி சோதனைக்குப் போகவேண்டும், அதற்கும் நான் போவேன்.

இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்தப் புற்று வந்தது, சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 15 வருஷம் தவணை கொடுக்கிற நோய்க்கு இத்தனை பேர்.

அதனால் வீட்டுப்பாடம் தருகிறேன். ரொம்ப நாள் ஆயிற்று.

30 வயது தாண்டிய பெண் பிள்ளைகள் அரசு ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டு ஒரு தடவையாவது சோதித்துக்கொள்ளுங்கள். எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை என்பதை அவர்கள் சொல்வார்கள். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் பட்டாலோ, கணவனோடு சேர்ந்த பிறகு பட்டாலோ, வாடையோடு வெள்ளை பட்டாலோ, வெந்தயத்தைத் தேடாமல் டாக்டரைப் பாருங்கள். எல்லாம் புற்றாக இருக்காது. பார்த்தால்தான் தெரியும்.

பெண் குழந்தை வைத்திருக்கிறவர்கள் ஹெச்பிவி தடுப்பூசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 9 முதல் 14 வயதுக்குள் போடுவதுதான் நல்லது. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போடப்படும் என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். ஊசி போட்ட பிள்ளையும் பெரியவளானதும் சோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

ஆண் பிள்ளைகளே, உங்கள் பாடம் இரண்டு. ஒன்று, உங்கள் கன்னத்தின் உள்ளே இருப்பதும் அதே தட்டைச் செல்தான். புகையிலையையும் பாக்கையும் மணிக்கணக்கில் அதன்மேல் அடக்கி வைத்தால் அதே நியூக்ளியஸ்தான் கெடும். வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் காட்டுங்கள். இரண்டாவது, உங்கள் அம்மாவையும் மனைவியையும் அக்கா தங்கையையும் சோதனைக்கு நீங்களே வண்டியில் கூட்டிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட்டில் எது வந்தாலும் "எப்படி வந்தது, யாரிடமிருந்து வந்தது" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பெண்கள் துணியை இருட்டில் அலசுகிறார்கள்.

என் வகுப்பில் எத்தனையோ பேருக்குச் செல் படத்துக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். படத்தைச் சொல்லித்தந்தேன், அது எதற்கு என்று முழுசாகச் சொல்லித்தரவில்லை. விட்டுப்போன பாடத்தை இன்றைக்கு நடத்தி முடித்துவிட்டேன்.

கீழே எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால் தனியாகச் செய்தி அனுப்புங்கள். எந்த நேரமானாலும் பதில் போடுவேன். கூட ஆள் இல்லை என்றால் நானே வருகிறேன். எனக்கு இப்போது பள்ளிக்கூடம் கிடையாது, நேரம் நிறைய இருக்கிறது.

பெரியதாழையிலிருந்து,
உங்கள் டீச்சர்